ஒரு கிழமையையும் தொடாத அக்கா

போன தை மாதம், உத்திரமேரூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது!

நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுபவள். கணவர் நெல் அறுவடை மெஷின் ஒன்றை வாடகைக்கு விடுகிறார். சீசன் வந்தால் சாப்பிடும்போதும் காதில் போன்தான். பொறுக்க மாட்டாமல் நானே ஒரு ஆப் எழுதிக் கொடுத்தேன். விவசாயிகள் ஊரைச் சொல்லி, எந்தெந்தக் கிழமை மெஷின் வந்தால் வசதி என்று தொட்டால் போதும். என்றைக்கு யார் வயல் என்று ஆப் வரிசை போட்டுவிடும்.

கிழமை ஏழுதான், எட்டாவது கிடையாது. இப்படி முன்பே முடிவான மதிப்புகளுக்கு, நான் புரோகிராம் எழுதும் ஜாவா மொழியில் தனி வகையே உண்டு. ஒவ்வொரு விவசாயியும் தொட்ட கிழமைகளின் பட்டியலிலிருந்து ஒரு கணத்தை, அதாவது 'செட்'டை, உருவாக்க ஒரே வரி போதும். ஒரே கிழமையை இரண்டு தடவை தொட்டிருந்தாலும் கணத்தில் ஒருமுறைதான் இருக்கும். அந்த வரியை எழுதிவிட்டு நான் அடித்துக்கொண்ட பெருமை கொஞ்சமில்லை.

அன்று மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தையில் யார் மழையை எதிர்பார்த்தார்கள்? முற்றிய கதிர் நனைந்து சாய்ந்தால் வயலிலேயே முளைத்துவிடும். மெஷின் சாலவாக்கத்தில் ஒரு வயலை முடித்துவிட்டுக் காத்திருந்தது. அடுத்து எங்கே என்று பார்க்கப் பட்டனை அழுத்தினேன். சிவப்பெழுத்தில் பிழை! வரிசையே வரவில்லை.

"இன்னாம்மா ஆச்சி? டிரைவரு கேட்டுக்கினே கீறாரு" என்று கணவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

தேடியதில் பிடிபட்டது. சாலவாக்கத்து விவசாயி அக்கா ஒருவர், ஒரு கிழமையையும் தொடாமல் மெஷின் கேட்டு அனுப்பியிருந்தார். என் அருமை வரி, பட்டியலின் முதல் பொருளைப் பார்த்துத்தான் இது எந்த வகை என்று தெரிந்துகொள்ளும். பட்டியல் காலியென்றால் திருதிருவென்று விழித்து நின்றுவிடும். அவர் ஒருவரால் எல்லோருடைய வரிசையும் நின்றிருந்தது.

அதற்கா எனக்கு வழி தெரியாது? முதலில் கிழமைகளுக்கென்று ஒரு வெற்றுக் கணம், பிறகு பட்டியலில் இருப்பதை அதில் கொட்டு என்று மாற்றினேன். ஓடியது! துள்ளிக் குதித்தேன். அடுத்து மாகறல் என்று வந்தது. கணவர் டிரைவரிடம் சொல்ல, மெஷினை லாரியில் ஏற்றத் தொடங்கினார்கள்.

சந்தோஷத்தோடு வரிசையை மேலிருந்து கீழே பார்த்தேன். அந்த அக்காவைக் காணோம். எந்த நாளிலும் இல்லை! கிழமையைத் தொடாதவருக்கு மெஷின் வேண்டாம் என்பது புரோகிராமின் கணக்கு. ஆனால் வேண்டாதவர் எதற்குக் கேட்டு அனுப்புவார்? உடனே போன் போட்டேன்.

"எந்த நாளா இருந்தா இன்னா தங்கச்சி, அதான் ஒன்னியும் தொடல. எப்ப அனுப்பினாலும் சரின்னு குந்திக்கினு கீறேன். பக்கத்து வயல்லதான் மெஷின் நின்னுக்கினு இருந்திச்சி. இப்ப லாரில ஏத்தறாங்களே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் போனில் பேசினால் "எப்பனாலும் வாங்க" என்பார்கள். அதைச் சொல்ல என் ஆப்பில் இடமே இல்லை. அவர் ஏழு நாளையும் கொடுத்திருந்தார். நான் ஏழையும் பிடுங்கிவிட்டிருந்தேன்.

"ஏத்த வேணாம்! எறக்கச் சொல்லுங்க!" என்று நான் கத்திய கத்தலில் கணவர் கையிலிருந்த போனே நழுவிவிட்டது. அவர் டிரைவரைப் பிடிப்பதற்குள், பட்டியல் காலியாக வந்தால் ஏழு கிழமையையும் நிரப்பு என்று எழுதினேன். அக்கா முதல் ஆளாக வந்து நின்றார்! மாகறல்காரரைக் கேட்டோம். அவர் கதிர் இன்னும் பச்சை கலந்து நிற்கிறதாம், மறுநாள் போதும் என்றார்.

மெஷின் அக்காவின் வயலில் இறங்கியது. அறுத்துக் கொட்டிய நெல்லைத் தார்ப்பாயால் போர்த்தியதும் மழை பிடித்துக்கொண்டது.

"தங்கச்சி, நெல்லு நனையல!" என்று போனில் அவர் சிரித்தபோது, நாங்கள் இருவரும் கூடத்தில் நின்று கைதட்டினோம்.

இப்போதெல்லாம் காலியாக ஒரு பட்டியல் வந்தால், ஒன்றும் வேண்டாம் என்று நானே முடிவு கட்டுவதில்லை. யாரோ ஒருவர் என்னை நம்பி எல்லாவற்றையும் என்னிடமே விட்டிருக்கலாம்.