கெட்டிமேளத்துக்கு முன்னால்

என் தங்கை இசைவாணியைச் செவிடு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் காது செத்துப்போகவில்லை. வழிதான் அடைத்துக்கொண்டது.

கடலூரில் காது டாக்டர் இசைக்கவை என்ற உலோகக் கவையைத் தட்டி அதிரவிட்டு அவள் காதருகே பிடித்தார், கேட்கவில்லை. அதன் காம்பைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைத்தார். "ஐயோ, நல்லா கேக்குது சார்!" என்று துள்ளினாள். காற்றில் வரும் அதிர்வு செவிப்பறையில் மோத, அதை மூன்று குட்டி எலும்புகள் உள்காதுக்குக் கடத்த வேண்டும். அவளுக்குக் கடைசி எலும்பு இறுகிப்போய் அசையவில்லை. மண்டை எலும்பு வழியாகப் போனால் தடையில்லை. நரம்பு நன்றாக இருந்தது. அவள் குரலும் அந்த வழியில்தான் உள்ளே பெரிதாக முழங்கும். அதனால் மெல்லத்தான் பேசுவாள். பெண் பார்க்க வந்தவர்கள் அதை அடக்கம் என்று மெச்சினார்கள்.

"என் காதைப் பத்தி அவுங்ககிட்ட சொல்லிட்டீங்களா மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் தாய்மாமன் ஆண்டிதான் எல்லாம். "சொல்லிட்டேன் கண்ணு, அவுங்க ஒண்ணும் நெனைக்கல" என்று சாமி மேல் சத்தியம் செய்தார். நாங்களும் நம்பினோம்.

2008 ஆவணியில் திருவந்திபுரம் கோயிலில் கல்யாணம். முகூர்த்த நாளில் அந்த ஊர் எப்படியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்? நெருக்கி நெருக்கிக் கல்யாணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேளம். ஐயர் சொன்ன மந்திரம் ஐயருக்கே கேட்டிருக்காது.

மணவறைக்குப் பின்னால் நின்றுகொண்டு மாமா அம்மாவின் காதில் கத்தினார். "பயப்படாதக்கா, காது விஷயத்த நான் மூச்சுவிடல. தாலி ஏறட்டும், அப்புறம் என்ன பண்ணிடுவாங்க? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்!"

பக்கத்திலிருந்த எனக்கு அப்போது ஒரு சொல்லும் விழவில்லை, பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். இசைவாணி முழுவதையும் கேட்டுவிட்டாள். சுற்றியுள்ள இரைச்சல் பாதிகூட அவள் காதுக்குள் நுழையாது. இரைச்சலை மீறிக் கத்துகிற குரல் தெளிவாக நுழைந்துவிடும். சந்தையில் எங்களைவிட அவளுக்குத்தான் நன்றாகக் கேட்கும். இத்தனை வருஷம் பார்த்தும் மாமனுக்கு அது உறைக்கவில்லை, பாவி மனுஷன்!

அவள் மாப்பிள்ளை திருநாவுக்கரசு பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். "என்னா?" என்றார் அவர். மாமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேளக்காரரைப் பார்த்து விரலை ஆட்டினார். வேண்டாத சொல் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்! எங்கள் மேளம் முழங்கியது.

இசைவாணி மாலையோடு எழுந்து நின்றாள். வாழ்நாளில் கத்தாதவள் கத்தினாள்.

"எனக்குக் காது மந்தம்! ஒங்ககிட்ட மறைச்சிட்டாங்க!"

மேளக்காரர் கை நின்றது. மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மாள் உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க அத்தை. வேணாம்னா வேணாம்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க, போயிடுறேன்."

அந்த அம்மாள் மகன் பக்கம் திரும்பினார். திருநாவுக்கரசு சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கத்திக் கத்தியே சோறு தின்னுறவன். என் கொரலு ஒனக்குக் கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப ஒக்காரு. மேளக்காரரே, அடிங்க!"

"இருங்க" என்றாள் இசைவாணி, உட்காராமலே. "மொதல்ல மாமாவ மேடைய விட்டு எறங்கச் சொல்லுங்க."

மாமா இறங்கிப் போன பிறகுதான் உட்கார்ந்தாள்.