பாஸான பாடத்துக்கும் ஒரு டைம்டேபிள்

1. லாமினேட் செய்த பேப்பர்

ஸ்டெல்லா மூன்றாவது தடவையாகக் கணக்கில் பெயிலான செய்தி வந்த அன்று, முதல் பீரியட் பெல் ஏழு நிமிடம் தாமதமாக அடித்தது. பெல் அடிப்பவளே அவள்தான். தொம்மலூரில் நான் சூப்பிரண்டெண்டாக இருந்த பள்ளியில் அட்டெண்டர். வயது நாற்பத்தொன்று. பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் பாக்கி. அதை முடித்தால் காலியாக இருந்த கிளார்க் இடம் அவளுக்கு. அடுத்த ரிசல்டிலும் முடிக்காவிட்டால் வெளியாளை எடுப்பார்கள். ஃபைல் என் மேஜையில் இருந்ததால் இதை வதந்தி என்று நான் நினைக்க வழியில்லை.

ஆறுதல் சொல்ல ஸ்டாஃப் ரூமே திரண்டது. ஆளுக்கொரு கைடு கொடுத்தார்கள். சயின்ஸ் டீச்சர் பாதாம் ஊறவைத்துச் சாப்பிடச் சொன்னார். கணக்கு டீச்சருக்கு அன்று பார்த்து வேறு வேலை இருந்தது.

எச்.எம். கேட்டார். "டைம்டேபிளை ஃபாலோ பண்ணியாம்மா?"

"பண்ணேன் சார். ஒரு நாள்கூட விடல."

"அப்போ நாலு மணிக்கு எழுந்திருக்கறதை மூணரை ஆக்கு. சும்னே ஆகாது, சும்மா இருந்தா எதுவும் வராது, கஷ்டப்படணும்."

ரிப்பீட்டர்களுக்கென்றே எங்கள் பள்ளியில் ஒரு டைம்டேபிள் உண்டு. ஐந்து கலரில் அச்சடித்து, எச்.எம். கையெழுத்தும் ஆபீஸ் சீலும் வைத்து, லாமினேட் செய்தது. யார் எதில் பெயிலாகியிருந்தாலும் அதே டைம்டேபிள்தான். நிர்வாகத்தில் இதற்குச் சமத்துவம் என்று பெயர்.

மதியம் டீ கொண்டுவந்தவளிடம் அதைக் கேட்டு வாங்கி முதன்முறையாகப் படித்தேன். திங்கள் ஹிஸ்டரி, செவ்வாய் சயின்ஸ், புதன் இங்கிலீஷ். கணக்கு வியாழக்கிழமைதான் வந்தது.

"ஏம்மா, ஹிஸ்டரில நீ எப்பவோ பாஸாயிட்டியே?"

"ஆமா மேடம். அறுபத்தெட்டு."

"அப்புறம் எதுக்கு மறுபடி படிச்சே?"

"அதுல போட்டிருந்துச்சு. உங்க சீல் வேற இருந்துச்சே."

நான் டீயைக் குடித்தேன்.

2. விடைத்தாள்

விடைத்தாளின் ஸ்கேன் காப்பிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். நிறையப் பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் கூட்டலில் இரண்டு மார்க் விட்டுப்போயிருக்குமா என்று பார்க்கத்தான் வாங்கினார்கள். எங்கே தப்பு செய்தோம் என்று பார்க்க ஒருவரும் வாங்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை, விண்ணப்பத்தில் அப்படி ஒரு காரணம் இல்லை.

ஸ்டெல்லாவின் விடைத்தாள் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. நாலு பக்கமும் மார்ஜின். ஒவ்வொரு கேள்வியையும் முழுதாகக் காப்பி எடுத்து, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு, அதற்குக் கீழே விடை. கிராஃபும் தேற்றமும் வர வேண்டிய கடைசிப் பக்கங்கள் வெள்ளை.

"கிராஃப் தெரியாதா?"

"நல்லாத் தெரியும் மேடம். டைம் பத்தல."

"கேள்வியை எதுக்கு எழுதினே?"

"எழுதினாத்தான் நான் சின்ன வயசுல படிச்ச கான்வென்ட்ல சிஸ்டர் மார்க் போடுவாங்க."

"அந்த சிஸ்டர் இந்தப் பேப்பரைத் திருத்தலம்மா."

டைம்டேபிளைக் கிழிக்கப் பார்த்தோம். லாமினேட் செய்திருந்ததால் முடியவில்லை. டீ பிளாஸ்குக்கு அடியில் வைத்தோம், அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. புதுத் திட்டம் ஒரு துண்டுச் சீட்டில் அடங்கியது. தெரிந்தும் எழுதாமல் விட்ட கிராஃபும் தேற்றமும் முதலில். எழுதியும் தப்பான இரண்டு பாடங்கள் அடுத்து. ஒன்றுமே புரியாத டிரிக்னாமெட்ரி கிடையாது.

"விட்டுட்டா பயமா இருக்கு மேடம்."

"மூணு தடவை படிச்சியே, பயம் போச்சா?"

"இல்ல."

"அப்ப விடு."

சனிக்கிழமை தோறும் ஸ்பெஷல் கிளாஸ் நடக்கும்போது, காலி வகுப்பறையில் பழைய கேள்வித்தாள் ஒன்றை முழு நேரம் வைத்து எழுதினாள். கேள்வியைக் காப்பி எடுக்கக் கூடாது. பெல்லை நான் அடித்தேன். எச்.எம். வெளியே வந்து பார்த்தார்.

"நீங்க எதுக்கு மேடம் பெல் அடிக்கிறீங்க?"

"அட்டெண்டர் எக்ஸாம் எழுதறாங்க சார்."

முதல் சனிக்கிழமை கடைசி இரண்டு கேள்வி மிச்சம். மறுவாரம் கை பழக்கதோஷத்தில் கேள்வியை எழுதத் தொடங்கி, தானே கோடு போட்டு அடித்திருந்தாள். நான்காவது சனிக்கிழமை, பெல்லுக்கு முன்பே பேனாவை மூடிவிட்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "மணி ஆச்சு, அடிங்க மேடம்" என்றாள். ஆகியிருக்கவில்லை.

3. சீல்

பாஸானாள். பெருமையடித்துக்கொள்ளும் மார்க் இல்லை. கிளார்க் இடத்துக்குப் பெருமை தேவையில்லை, பாஸ் போதும்.

அவள் கிளார்க்காக உட்கார்ந்த முதல் வாரம், அந்த வருட ரிப்பீட்டர்களுக்கான டைம்டேபிள் கட்டு எச்.எம். அறையிலிருந்து சீலுக்கு வந்தது. ஒன்றை உருவிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"மேடம், எந்த சப்ஜெக்ட் பெயில்னு எழுத இதுல எடமே இல்லையே. எப்படி சீல் போடறது?"

திரும்ப எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முதலில் உங்கள் பழைய விடைத்தாளைப் படியுங்கள், பிறகு திட்டம் போடுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சர்வீஸ் காலம் முழுவதும் ஆயிற்று.

அவள் கட்டை எச்.எம். அறைக்கே திருப்பி அனுப்பினாள். மேலே ஒரு சீட்டில், நான் கற்றுக்கொடுத்த வாக்கியம்: "விவரம் முழுமையாக இல்லை. திருப்பி அனுப்பப்படுகிறது." அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ காகிதங்களில் எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் வருடா வருடம் சீல் வைத்தேன்.