ஏழாம் தளத்து ஒன்பது அறைகள்

குடிகாரப் பயணிகளைக் கண்டு டெல்ஃபின் நுஃபாப்லே பயந்ததில்லை. வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டுப் போகலாம். சண்டைக்காரத் தம்பதிகளையும் பூனை மாதிரி நழுவிச் சமாளித்துவிடுவான். பதினான்கு வருடக் கப்பல் வாழ்க்கையில் அவனைப் பயமுறுத்திய ஒரே சாமான் நோட்டுப் புத்தகம்தான். ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் 7214-ஆம் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் கையில் பச்சை அட்டை போட்ட ஒன்று இருந்தது.

வந்தவர் பெயர் வால்டர் ப்ரூயிட். ஓஹாயோக்காரர், வயது எழுபத்தொன்று. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடங்களுக்கு உருளைக்கிழங்கும் பாலும் கொள்முதல் செய்து ஓய்வு பெற்றவர். பின்னாலேயே அவர் மனைவி லொரெய்ன், வெயில் தொப்பியும் சிரிப்புமாக வந்தாள். தங்கமான மனிதர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன். இந்தக் கதையில் கெட்டவர் யாரும் கிடையாது, இருந்திருந்தால் டெல்ஃபின் தப்பித்திருப்பான்.

"உக்காருங்க டெல்ஃபின், ஒரே நிமிஷம்," என்றார் வால்டர், சோபாவைத் தட்டி.

அறைப் பணியாளர்கள் பயணியின் இருக்கையில் உட்காரக் கூடாது. டெல்ஃபின் நின்றபடியே சிரித்தான்.

"நாலு கம்பெனி விலையையும் பக்கத்துல பக்கத்துல எழுதியிருக்கேன். உங்க கம்பெனி டிக்கெட் ஆளுக்கு அறுநூத்தி நாப்பத்தொம்பது டாலர். நாலுலயும் இதான் கம்மி. சரின்னு போட்டாச்சு. அப்புறம்தான் வாலு மாதிரி நீளுது. துறைமுகக் கட்டணம் தனி. இன்டர்நெட் தனி. ஒரு பீர் குடிச்சா அதுக்கு மேல நூத்துக்குப் பதினெட்டு சேவைக் கட்டணம். ரூமுக்கு ஒரு சாண்ட்விச் கொண்டாரச் சொன்னா அதுக்கும் காசு. எல்லாத்தையும் கூட்டினா, எண்ணூறுன்னு போர்டு போட்டவன் இவனைவிட நூறு டாலர் மலிவு!"

"எங்க கல்யாணப் பத்திரிகைக்கே மூணு அச்சகத்துல விலை கேட்ட மனுஷன்," என்றாள் லொரெய்ன். "மூணாவது ஆளு சீக்கிரம் குடுத்ததாலதான் எனக்குக் கல்யாணமே ஆச்சு."

டெல்ஃபினும் சிரித்தான். ஆனால் அவன் கண் நோட்டின் கடைசிப் பத்திக்குப் போய்விட்டது. டிப்ஸ்: ஆளுக்கு, நாளுக்குப் பதினெட்டு டாலர். அதற்கு நேராக ஒரு கேள்விக்குறி, இரண்டு முறை அழுத்தி எழுதப்பட்டிருந்தது.

"இது உங்க கைக்கு முழுசா வருதா?" என்று கேட்டார் வால்டர்.

"எல்லாம் நல்லபடியா நடக்குதுங்க சார்," என்றான் டெல்ஃபின். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பதில் அது ஒன்றுதான். டிப்ஸ் பற்றிப் பயணியிடம் அரை வார்த்தை பேசினாலும் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிடுவார்கள்.

கப்பலின் சட்டம் இதுதான். நாளுக்குப் பதினெட்டு டாலர் தானாகவே பயணியின் கணக்கில் ஏறும். அது ஒரே பானையில் விழுந்து, அறைப் பணியாளர், பரிமாறுபவர், துணி வெளுப்பவர், பாத்திரம் கழுவுபவர் என்று எல்லோருக்கும் பங்காகும். விருப்பமில்லாத பயணி வரவேற்பு மேஜைக்குப் போய் அதை எடுத்துவிடச் சொல்லலாம். எடுத்தவர் எந்த அறை என்று ஒரு பட்டியல் மேற்பார்வையாளர் வெஸ்னாவின் மேஜைக்கு வரும். அந்த அறைப் பயணி கையில் காசு கொடுத்திருந்தால் அதை அப்படியே கொண்டுபோய் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அதோடு விட்டார்களா? பயணி ஏன் எடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. வேலை சரியில்லை, அதனால் எடுத்தார் என்றே பணியாளர் பெயரில் ஏறும். ஒரு ஒப்பந்தக் காலத்தில் மூன்று அறை அப்படிப் போனால், மறுபடி வரச் சொல்லும் கடிதம் வராது.

டெல்ஃபினுக்கு ஏற்கனவே இரண்டு போயிருந்தது. ஒன்று, கடல் கொந்தளித்ததற்குக் கோபித்துக்கொண்ட டெக்சஸ்காரர். இன்னொன்று யார் என்றே தெரியாது.

சாயங்காலம் கீழ்த்தளச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை வாங்கப் போனவன் இக்மீடியோவிடம் சொன்னான். இக்மீடியோ அவன் ஊரான மியாகாவ்காரர், பத்து வயது மூத்தவர். அவன் அவரை அண்ணன் என்ற முறையில் 'நோங்' என்பான். அவர் அவனைத் தம்பிக்குரிய செல்லத்தோடு 'டோட்டோ' என்பார்.

"நோங், நோட்டுக்காரர் ஒருத்தர் வந்திருக்கார்."

"கஞ்சனா?"

"கஞ்சனா இருந்தா பயமே இல்ல. நல்லவரு."

இக்மீடியோ மடித்துக்கொண்டிருந்த விரிப்பை நிறுத்தினார். "அப்ப சரிதான். கஞ்சன் மேஜை வரைக்கும் போகவே கூச்சப்படுவான். நல்லவன்தான் நெஞ்ச நிமித்திட்டுப் போய் எடுப்பான், உன் கையில நேரா குடுக்கணும்னு. நீ அவரு கண்ணுல படாத, டோட்டோ."

"ரூம் கூட்டுறவன் எப்படி நோங் கண்ணுல படாம இருப்பான்?"

"அப்ப வேலைய கொஞ்சம் மோசமா செய்யி."

அது அவனால் முடியாத காரியம். இலோயிலோ நகரத்து ஒரு விடுதியில் படுக்கை விரிக்கக் கற்றுக்கொண்டு, மணிலாவில் முகவர் வாசலில் எட்டு நாள் வரிசையில் நின்று கப்பலேறியவன் டெல்ஃபின். விரிப்பின் மடிப்பு கோணலாக இருந்தால் திரும்பி வந்து சரிசெய்வான். துண்டை மடித்து அவன் செய்யும் குரங்குக்கு மட்டும் இடுப்பு இருக்கும், மற்றவர்கள் செய்ததற்கு இருக்காது. இப்போது வயது நாற்பத்துநான்கு. ஊரில் பாதி கட்டிய வீட்டின் மேல்தளத்திலிருந்து இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்து நின்றன. அவன் மனைவி மெர்லி தரைக்கல்லின் நிறத்தைக்கூட முடிவு செய்துவிட்டாள். இந்தக் கடிதம் வராவிட்டால், இந்த வயதில் வேறு கப்பல் எதுவும் எடுக்காது. அது அவனுக்கும் தெரியும், மெர்லிக்கும் தெரியும். தொலைபேசியில் இருவரும் தரைக்கல்லைப் பற்றியே பேசினார்கள்.

மூன்றாம் நாள் அறையைச் சுத்தம் செய்யும்போது நோட்டு மேஜைமேல் விரிந்து கிடந்தது. அடுத்தவர் நோட்டைப் படிப்பது தப்பு. படித்தான். 'ஆறாம் நாள்: வரவேற்பு மேஜை. டிப்ஸை எடுத்துவிட வேண்டும். 252 டாலர் உறையில் போட்டு, டெல்ஃபின் கையில்.' பக்கத்தில் நட்சத்திரம் வேறு போட்டிருந்தது.

தலையணையை இடுக்கிக்கொண்டு அந்த வரியை இன்னொரு முறை படித்தான். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டாலும் போகும். கப்பல் பாட்டுக்கு ரோவாத்தான் தீவை நோக்கி ஆடாமல் அசங்காமல் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. எல்லா அறை மேஜை இழுப்பறையிலும் கம்பெனி அச்சிட்ட ஒரு சீட்டு கிடக்கும், யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. 'உங்கள் தினசரி டிப்ஸ், உங்கள் கண்ணில் படாமல் உழைக்கும் பணியாளர்கள் அனைவருக்கும் பங்கிடப்படுகிறது' என்று அதில் இருக்கும். அதை எடுத்து நோட்டின் மேல் நேராக வைத்தான். பாவம், துணி வெளுப்பவனுக்கும் போகிறதே என்று அந்த நல்ல மனிதர் நினைப்பார், எடுக்காமல் விட்டுவிடுவார். இதில் ஒரு சொல்கூட அவன் பேசவில்லை. அச்சடித்தது கம்பெனி.

ஐந்தாம் நாள் காலை நடைவழியில் வால்டர் அவன் தோளில் கை வைத்தார். "சீட்டைப் பார்த்தேன்," என்றார் குரலைத் தாழ்த்தி. "எனக்குப் புரிஞ்சுது. நீங்க வாயத் திறக்க முடியாதுன்னும் தெரியும். கவலையே படாதீங்க." கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

டெல்ஃபினுக்கு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அரை மணி நேரம்தான். குளியலறைக் கண்ணாடியைத் துடைக்கும்போது அந்தக் கண்சிமிட்டல் நினைவுக்கு வந்தது. எடுக்காமல் விடுகிற மனிதர் எதற்குக் கண்ணைச் சிமிட்ட வேண்டும்?

ஆறாம் நாள் முழுக்கக் கடல். கரையே கண்ணில் படவில்லை. அன்று நடைவழியில் எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். 7220-இல் இருந்த விதவை அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். இத்தனை நாள் முகத்தையே பார்க்காத 7208-காரர், "நல்லா இருங்க" என்றார்.

"சிரிச்சா நல்லதுதானே," என்றார் சலவைக்கூடத்தில் இக்மீடியோ.

"எல்லாரும் ஒரே மாதிரி சிரிக்கிறாங்க, நோங்."

இக்மீடியோ ஒரு விரிப்பை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

கடைசி நாள் காலை ஏழு மணிக்குக் கப்பல் ஃபோர்ட் லாடர்டேலில் கட்டப்பட்டது. பெட்டிகளை உருட்டிக்கொண்டு வெளியே வந்த பயணிகள், தள்ளுவண்டிப் பக்கத்தில் நின்ற டெல்ஃபின் கையில் உறைகளைத் திணித்தார்கள். முதலில் வால்டர். பிறகு 7220. பிறகு 7208. பிறகு அவன் எதிர்பார்க்காத கதவுகள். "அந்தப் பெரியவர் சாப்பாட்டு மேஜையில எங்க எல்லாருக்கும் நோட்டைக் காட்டினாரு," என்றாள் ஒரு பெண். "நீங்க இவ்வளவு உழைக்கிறீங்க, உங்களுக்கு அதுல ஒரு துண்டுதானாமே! அநியாயம். நாங்களும் எடுத்துட்டோம்."

ஒன்பது உறைகள். ஒன்றைக்கூடப் பிரிக்காமல் டெல்ஃபின் நேராக வெஸ்னாவின் அலுவலகத்துக்கு எடுத்துப் போனான்.

வெஸ்னா குரோஷியாக்காரி. கடுமையானவள், ஆனால் வஞ்சகமில்லாதவள். பட்டியல் ஏற்கனவே அவள் முன்னால் இருந்தது.

"எண்ண வேண்டாம். ஒன்பது," என்றாள். "இந்தக் கப்பல்ல ஆயிரத்து முன்னூறு ரூம். இந்த வாரம் டிப்ஸை எடுத்தது பதினோரு ரூம். அதுல ஒன்பது ஏழாம் தளம், உன் வரிசை. என்னப்பா சொன்ன அவங்ககிட்ட?"

"ஒரு வார்த்தை சொல்லல மேடம். சத்தியமா."

"நான்கூட நம்பியிருப்பேன்." வெஸ்னா இன்னொரு தாளை எடுத்தாள். பயணிகள் எழுதிப் போடும் கருத்துச் சீட்டு. பெயர் சொல்லி ஒரு பாராட்டு வந்தால் பதவி உயர்வுக்கே கணக்கில் எடுப்பார்கள். டெல்ஃபினுக்குப் பதினான்கு வருடத்தில் நாலு வரிக்கு மேல் வந்ததில்லை. 7214-இலிருந்து வந்த இது இரண்டு பக்கம், பள்ளிக்கூடத்து நேர்த்தியான கையெழுத்து. வெஸ்னா ஒரு இடத்தில் விரலை வைத்து நிதானமாகப் படித்தாள். "'டிப்ஸ் பணம் எங்கே போகிறது என்பதை டெல்ஃபின்தான் தமக்கே உரிய நாசூக்கோடு எங்களுக்குத் தெரியப்படுத்தினார். அவரால்தான் எங்கள் வரிசை முழுக்க விழித்துக்கொண்டது.'"

அவள் தாளைக் கீழே வைத்தாள். "என்ன செஞ்ச?"

"சீட்டை எடுத்து நோட்டு மேல வெச்சேன். எடுக்காம விடட்டும்னுதான் வெச்சேன்."

"இத மேல இருக்கறவங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்றாள் வெஸ்னா. அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் கொஞ்சமாவது நம்பிக்கை வைத்திருக்கலாம். "மூணாவது ரூம், நாலாவது ரூம்னு பேச்சே இல்ல இப்ப. பயணிகளைத் தூண்டி விட்டதா எழுதுவாங்க. பதினோரு மணிக்குள்ள இறங்கிடு. மணிலா டிக்கெட் கம்பெனி போடும்."

இக்மீடியோ படியிறங்கும் இடம் வரை பெட்டியைத் தூக்கி வந்தார். "மெர்லிகிட்ட நான் வேணா பேசறேன், டோட்டோ," என்றார். வேண்டாம் என்று தலையாட்டினான்.

துறைமுக வாசலில், அவனை ஏற்றிப்போக வேண்டிய கம்பெனி வேன் இன்னும் வரவில்லை. நிழற்குடையின் கீழ் இருந்த பெஞ்சில் வால்டரும் லொரெய்னும் உட்கார்ந்திருந்தார்கள். விமான நிலையத்துக்கு மூன்று டாக்ஸிக்காரர்களிடம் விலை கேட்டு மூன்றும் கட்டுப்படியாகாமல், இலவச வண்டிக்குக் காத்திருந்தார்கள். சாதாரணச் சட்டையில் டெல்ஃபினைப் பார்த்ததும் வால்டர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா லொரெய்ன்! பணம் நேரா கைக்குப் போச்சு, மனுஷன் உடனே லீவு போட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டாரு! எல்லா உறையும் வந்து சேந்துச்சுல்ல டெல்ஃபின்? முழுசா?"

"வந்துச்சு சார். முழுசா," என்றான் டெல்ஃபின். பதினான்கு வருடச் சிரிப்பு, அவனைக் கேட்காமலே முகத்தில் வந்து உட்கார்ந்தது.

வால்டர் பச்சை நோட்டை எடுத்து, கடைசிப் பத்தியில் இருந்த கேள்விக்குறியை அடித்து, ஒரு சரி போட்டார். "அடுத்த மாசம் எங்க தெருவுல நாலு குடும்பம் கப்பல்ல போறாங்க. இந்த நோட்டை அப்படியே குடுக்கப் போறேன். சர்ச்சுலயும் நகல் கேக்கறாங்க."

வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஓட்டுநர் டெல்ஃபின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் பெட்டியை எடுத்தான். இரண்டடி போனான். பெயர் தெரியாத நாலு அறைப் பணியாளர்கள், எங்கோ ஒரு கப்பலில், எங்கோ ஒரு நடைவழியில் விரிப்பின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருப்பது அவன் கண்முன்னே தெரிந்தது.

திரும்பி வந்து பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வால்டர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"சார், அந்தப் பேனாவ மூடாதீங்க," என்றான். "ஒரே நிமிஷம்தான். அந்த உறை ஒண்ணுகூட இப்ப என்கிட்ட இல்ல. எனக்கு லீவும் இல்ல."

வால்டர் இன்னும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். லொரெய்ன்தான் முதலில் அவன் பெட்டியைப் பார்த்தாள், பிறகு கப்பலைப் பார்த்தாள், பிறகு கணவர் கையிலிருந்த நோட்டை மெல்ல வாங்கி மூடினாள்.