மாவு மில் மாடியில் ஒரு ‘ஏன்’

நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்த வரி ‘இந்தப் பக்கம் மேலே’. ஓசூரில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. பெட்டிமேல் என்ன எழுத்து, எந்த மூலையில், எவ்வளவு கறுப்பில் என்று பார்ப்பதும் அதில் அடக்கம். இரண்டாம் இடம் ‘கவனமாகக் கையாளவும்’. என் வசன கவிதைகள் வெகு தூரம் பின்னால், லாரியைத் துரத்தும் நாய் மாதிரி மூச்சிரைக்க வந்துகொண்டிருக்கின்றன.

ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில் இப்படிப் பின்னால் ஓடுகிறவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் மத்திகிரியில் வாசிப்பு வட்டம் தொடங்கினேன். பெயர்தான் வட்டம், வருகிறவர்களை வைத்துப் பார்த்தால் முக்கோணம். நான் ஒரு மூலை. கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து, இங்கே ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பார்க்கிற தம்பி இன்னொரு மூலை. என்னை அண்ணாச்சி என்பார். மூன்றாவது, வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருப்பவர். மகளை மத்திகிரியில் கட்டிக்கொடுத்திருக்கிறார். ஞாயிறுகளில் மகளைப் பார்க்க வந்து, பேரப்பிள்ளைகளின் சத்தம் தாங்காமல் இலக்கியத்துக்கு வந்து சேர்ந்தவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றிலும் கொஞ்சமாகத்தான் பேசுவார்.

ஆரம்பத்திலேயே ஒரு சட்டம் போட்டேன். கதையைப் படித்துவிட்டு நீதி என்ன, நல்லவன் யார் என்று கேட்கக் கூடாது. பெரிதாகக் கேட்க வேண்டும். ஒற்றைப் பதிலில் அடைபடாத கேள்வி, நாலு பக்கமும் கதவு திறந்து கிடக்கிற கேள்வி, உள்ளே காற்றும் வரலாம் ஆடும் வரலாம் என்கிற மாதிரிக் கேள்வி. முதல் வாரம் ‘மனிதன் எதைத் தேடுகிறான்?’ என்று கேட்டேன். குவாலிட்டி தம்பி வாசலில் செருப்பைத் தேடினார். அடுத்த வாரம் ‘தனிமை என்றால் என்ன?’ என்பது கேள்வி. அன்றைக்கு இரண்டு பேருமே வரவில்லை.

கூடுகிற இடம் ஒரு மாவு மில்லின் மாடி அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை லேசாக நடுங்கும். எந்தக் கதைக்கும் ஒரு பதற்றம் தானாக வந்துவிடும். ராகி அரைக்கிற அன்று எங்கள் மூவருக்கும் ஒரே நிறத்தில் தலைமுடி. மிளகாய் அரைக்கிற அன்று எதைப் படித்தாலும் கண்ணீர். ஒருமுறை என் கவிதைக்கே அழுதார்கள்.

மில்லை நடத்துகிற அம்மாவை நாங்கள் மில்லக்கா என்போம். ஆனேக்கல் பக்கமிருந்து இங்கே வாழ வந்தவர். கன்னடம் தாய்மொழி. காதில் விழுந்து கற்ற தமிழை, கொஞ்சம் தன் கல்லிலும் போட்டு அரைத்துத்தான் பேசுவார். மாடி அறை கேட்டு நான் போன முதல் நாள், பெல்ட் இரைகிற இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி, “ஏன் வேணும்?” என்றார்.

அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நின்ற நிலையிலேயே பேச ஆரம்பித்துவிட்டேன். மனிதனுக்குக் கதை ஏன் வேண்டும், இவ்வளவு இரும்பு புரள்கிற ஊரில் ஒரு சொல் மெத்தென்று விழ ஓரிடம் ஏன் வேண்டும் என்றெல்லாம். அவர் கோதுமையைக் கொட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். முடித்ததும், அதெல்லாம் சரி சார், மேல ரூம் தானே வேணும் என்று சாவியைக் கொடுத்தார். அவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டு அவ்வளவு எளிதாக இறங்கி வந்த அடக்கம் எனக்குப் பிடித்துப்போனது.

சிக்கல் கராத்தே உருவத்தில் வந்தது. சேலத்திலிருந்து வந்து குடியேறிய மாஸ்டர் ஒருவர், பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க அதே அறையை அதே ஞாயிறு காலையில் கேட்டார். மில்லக்கா மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் அல்ல. அவங்க ஒதைக்கறது கண்ணுக்குத் தெரியுது, நீங்க மேல போறீங்க, உக்காறீங்க, மாவோட எறங்கி வரீங்க, நடுவுல ஒண்ணும் நடக்கற மாதிரியே தெரியல என்றார். வருகிற ஞாயிறு தானே வந்து உட்கார்ந்து பார்ப்பாராம். ஏதாவது நடந்தால் அறை எங்களுக்கு. இல்லாவிட்டால் மாஸ்டருக்கு.

எங்களுக்குப் போக வேறு இடமில்லை. டீக்கடையில் உட்கார்ந்து கதை படித்துப் பார்த்தாயிற்று. லாட்டரிச் சீட்டுக் கும்பல் என்று நினைத்து விரட்டினார்கள். வீட்டில் கேட்டதற்கு, இருக்கிற ஹாலில் டிவிக்கே மூச்சு முட்டுகிறது என்றாள் மனைவி. அந்த அறையும் போனால், வாரம் முழுக்க நான் வாயைத் திறந்து கேட்கிற ஒரே கேள்வி ‘லோடு எப்ப கிளம்பும்?’ என்பதாகத்தான் மிஞ்சும்.

அந்த ஞாயிறுக்கு, ஒரு பழைய மாத இதழிலிருந்து கிழிந்து வந்த ஒரு பக்கக் கதையை எடுத்துப் போனேன். எழுதியவர் பெயர் கிழிசலோடு போய்விட்டது. கதையில் ஒரு பெண், சண்டை போட்டுக்கொண்டு, இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். தெருமுனை வரை போனவள் திரும்பி வருகிறாள். நேரே அடுப்படிக்குப் போய், குழம்புச் சட்டியின் மூடியை மட்டும் எடுத்துக்கொள்கிறாள். திண்டில் சாய்ந்திருக்கும் கணவனைத் தாண்டி வெளியே போகிறாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வருகிறது. அவ்வளவுதான் கதை.

மில்லக்கா முந்தானையால் மாவைத் தட்டிவிட்டுச் சுவரோரம் சம்மணமிட்டு, பஞ்சாயத்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, திரும்பி வந்தவள் ஏன் எடுத்தாள் என்று பொதுவாகக் கேட்டேன்.

“மூடி” என்றார் மில்லக்கா.

எனக்குச் சிலிர்த்தது. இரண்டு எழுத்து. காரணத்தைக் கேட்டால் பொருளையே எடுத்து முன்னால் வைக்கிறார். அந்தச் சொல்லைச் சுற்றி நான் மனதுக்குள் ஒரு சுற்று ஓடி வந்தேன்: வாய்க்கு மூடி, வீட்டுக்கு மூடி, ரகசியத்துக்கு மூடி. ஆனாலும் விடாமல், “சரிக்கா, ஆனா ஏன்?” என்றேன்.

“சட்டி மூடி.”

குவாலிட்டி தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘ஏன்’ என்பது அவருக்குத் தொழில். அவருடைய கம்பெனியில் ஒரு போல்ட் உடைந்தால்கூட, ஏன், அது ஏன், அதுவும் ஏன் என்று தோண்டிக்கொண்டே போய் வேரைப் பிடித்தாக வேண்டும். ஒய்-ஒய் என்று அதற்குப் பெயர். இங்கே வேர் தட்டுப்படுகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. “ஏன்?” என்றார் மரியாதையாக.

“கொழம்பு சட்டி மூடி.”

“ஏன்?”

“மண்ணா அலுமினியமான்னு கதையில இல்ல. மண்ணாத்தான் இருக்கும்.”

தம்பி என் காதருகே குனிந்து, என்னண்ணாச்சி, நேரா மண்ணுக்கே இறங்கிட்டாங்க, நம்ம மேனேஜர் கூட இவ்வளவு தூரம் போனதில்ல என்றார். மாந்தோப்புக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. கீழே மிளகாய் ஓடுகிறது போலும் என்று நினைத்தேன்.

மில்லக்காவின் முகம் மட்டும் சரியில்லை. பொறுமை கரைகிற முகம். அறை கையைவிட்டுப் போவது அப்படியே தெரிந்தது. கராத்தே பிள்ளைகள் வரிசையாக நின்று காற்றை உதைப்பது கண்ணில் ஆடியது. அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவி, “அவன் ஏன் சொல்லலை?” என்று கேட்டேன்.

 கீழே யாரோ மில்லை நிறுத்தினார்கள். அக்கா விரலால் தரையில் மாவை ஒதுக்கி ஒரு கோடு போட்டார்.

“இருன்னு சொல்லல” என்றார். “மானம் இருட்டிட்டு வருது, கொடை எடுத்துக்கன்னு சொல்லல. சாப்ட்டியான்னு கேக்கல. மூடிய வெச்சுட்டுப் போடின்னாவது சொல்லி இருக்கலாம். அவ திரும்பி ரெண்டு வார்த்த திட்டி இருப்பா, அப்படியே உக்காந்தும் இருப்பா. அதயும் சொல்லல.”

மேலும் சொல்லிக்கொண்டே போனார். கதையில் இல்லாத ஒரு முழுக் குடும்பமே அந்தச் சொல்லாத வாக்கியங்களிலிருந்து எழுந்து வந்து எங்கள் நடுவே உட்கார்ந்தது. அவர் கொஞ்சம் மூச்சு வாங்கியபோது மாந்தோப்புக்காரர், தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்காமலே பேசினார். வீட்டில் வைக்கிற மாவடு நன்றாக இருக்கிறது என்று தானும் இதுவரை சொன்னதில்லையாம். சொன்னால் போன வருஷம் வரை நன்றாக இல்லையா என்று கேள்வி வரும் என்ற பயம்தானாம். குவாலிட்டி தம்பி எழுந்து வெளியே போய், கோவில்பட்டியில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டார். சொல்ல நினைத்து விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து, காலங்காத்தால குடிச்சிருக்கீங்களான்னு கேட்கா அண்ணாச்சி என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே எழுந்தார். எழுந்தவர் என் பக்கம் திரும்பியபோது முகத்தில் நிஜமான கவலை.

“சார், இப்பத்தான் நீங்களே படிச்சீங்க. அதுக்குள்ள என்ன எடுத்தா, என்ன எடுத்தான்னு எத்தன வாட்டி கேக்கறீங்க. ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.  மாந்தோப்புக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவங்க கன்னடத்துல ‘ஏன்’ன்னா ‘என்ன’ன்னு அர்த்தம், சார். நம்ம ‘ஏன்’ அவங்களுக்கு ‘எதுக்கு’.”

நான் ஏன் எடுத்தாள் என்று கேட்கக் கேட்க, அக்காவின் காதில் விழுந்ததெல்லாம் என்ன எடுத்தாள். இந்த ஊரில் காரணம் கேட்கிற எல்லாரும் எதுக்கு என்றுதான் கேட்கிறார்கள். ‘ஏன்’ என்று சுத்தமாக உச்சரிக்கிறவர்கள் நானும் தம்பியும்தான் போல. நான் கேட்டது, அவன் ஏன் பேசவில்லை என்று. அவர் பதில் சொன்னது, அவன் எதையெல்லாம் பேசவில்லை என்ற கேள்விக்கு. இத்தனை வாரமாக நான் வியர்த்து விறுவிறுத்துத் தேடிய பெரிய கேள்வி, காதில் தவறி விழுந்து பிறந்திருக்கிறது. அதோடு, சாவி வாங்கிய முதல் நாளும் நினைவுக்கு வந்தது. என்ன வேணும் என்று கேட்ட ஒரு மில்காரரிடம் நின்றுகொண்டு மானுடத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். காது சூடாகியது.

தெரிந்தும் முதலிலேயே எதுக்கு சொல்லவில்லை என்று மாந்தோப்புக்காரரைக் கேட்டேன்.

“நல்லா போய்ட்டிருந்துச்சு சார். நடுவுல எதுக்குக் கெடுக்கணும்.”

நாங்கள் கீழே இறங்கியபோது மில் மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. கராத்தே மாஸ்டர் பதிலுக்காக வந்து நின்றிருந்தார். வெள்ளை உடை, எது துணி எது மாவு என்று தெரியவில்லை. மில்லக்கா சல்லடைக்குள் தலையை விட்டபடி, நிழல் தட்டுகிற எல்லாரிடமும் கேட்பதுபோல, “ஏன் வேணும்?” என்றார்.

மாஸ்டர் விறைப்பாக நின்றார். முகத்தில் ஒரு ஒளி வந்தது. அந்த ஒளியை நான் அறிவேன்.

ஒழுக்கத்துக்கு என்று ஆரம்பித்தார். தன்னம்பிக்கைக்கு, மன ஒருமைப்பாட்டுக்கு, பெண்பிள்ளைகளின் தற்காப்புக்கு என்று கையை வெட்டி வெட்டிச் சொல்லிக்கொண்டே போனார். அக்கா பொறுமையாகக் கேட்டு, பிறகுதான் தலையை நிமிர்த்தி ஆளைப் பார்த்தார்.

“அதெல்லாம் இங்க இல்ல சார், மாவு மட்டுந்தான்” என்றார். “ரூமும் இல்ல. இவங்களுக்கே குடுத்துட்டேன். பாவம், படிச்சது படிச்ச எடத்துலயே மறந்துபோவுது. ஞாயித்துக்கெழம நான் போய் ஒக்காந்து சொல்லணும்.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நானும் ஒருநாள் இதே இடத்தில் இதே போல நின்றவன்தான். கேள்வியை அவருக்காவது விளக்கிச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

மாந்தோப்புக்காரர் என் முழங்கையைப் பிடித்தார். நல்லா போய்ட்டிருக்கு சார் என்றார்.