சாத்திய அலமாரிக் கதவுகள்

வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் வைத்துப் பிழைத்தவர் எல்ராய். வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் தான் குடியிருக்கும் டிரெய்லர் வண்டியை இழுத்துக்கொண்டு போவார். மனைவி ஆர்டிஸும் கூடவே போவாள். கோடையில் ஊர்சுற்றுவதற்கென்று செய்த மெல்லிய வண்டி அது. அதைப் பனி தாங்கும் வீடாக்குவது ஒவ்வோர் அக்டோபரிலும் அவர் வேலை. வண்டியின் அடிப்பக்கத்தைச் சுற்றிக் குளிர் புகாதபடி நுரைப்பலகை அடிப்பார். தண்ணீர்க் குழாயில் சூடேற்றும் கம்பி சுற்றுவார். இந்த அக்டோபரில் பாதிப் பலகை அடித்திருந்தபோது மாரடைப்பு வந்து இறந்துபோனார்.

மீதியை அடித்து முடித்தவள் மகள் மார்னி. மினியாபொலிஸில் பெரிய கட்டடங்களுக்கு வெப்பக் கணக்குப் போடும் இன்ஜினியர். அப்பா இருந்தவரை ஓர் அக்டோபரிலும் அவள் உதவிக்கு வந்ததில்லை.

"என்கூட வந்துடும்மா. இந்தக் குளிர்ல இங்க தனியா எப்படி இருப்ப?"

"தண்ணி வர்ற வரைக்கும் இருப்பேன். நின்னுச்சுன்னா வர்றேன், போதுமா?" என்றாள் ஆர்டிஸ்.

அன்று அக்கம்பக்கத்து டிரெய்லர்க்காரர்கள் துக்கம் கேட்க வருவதாக இருந்தது. சிங்க்குக்கு அடியிலிருந்த அலமாரிக் கதவுகள் திறந்து கிடந்தன. அறையின் சூடு குழாய்க்கும் போகட்டும் என்று குளிர்காலம் முழுக்க எல்லா டிரெய்லரிலும் அப்படித்தான் விட்டுவைப்பார்கள். மார்னிக்கு அது தெரியும். நாலு பேர் வரும் இடத்தில் அலங்கோலமாக இருக்கிறது என்று சாத்தினாள். எல்லோரும் போன பிறகு திறக்கவில்லை.

காலையில் குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது. வெளியே பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே. மார்னிக்கு முதலில் வந்தது நிம்மதி. இனி அம்மா வந்துதான் ஆக வேண்டும்.

ஆர்டிஸ் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். எல்ராயின் கம்பளிச் சட்டைகளை மடித்து அடுக்கினாள். தன்னுடையது ஒன்றையும் எடுக்கவில்லை.

"உங்கப்பா ஒரு நாளும் தண்ணி நிக்க விட்டதில்ல. நான்தான் எதையோ கவனிக்காம விட்டுட்டேன் போல."

மார்னி தலைமுடி காயவைக்கும் டிரையரை எடுத்துக்கொண்டு சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்தாள். நல்ல வேளை, குழாய் வெடித்திருக்கவில்லை. வெகுநேரம் சூடுகாட்டிய பிறகு இருமி, துப்பி, தண்ணீர் வந்தது.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா. கதவைச் சாத்தினது நான்தான்."

"ஆள் வந்தா யாருதான் சாத்தமாட்டாங்க? மறந்துட்ட, அவ்வளவுதானே."

மார்னி மறக்கவில்லை. படுத்தபடியே டிரையரின் வயரைச் சுற்றினாள்.

வேகவைத்த உருளைக்கிழங்கும் இறைச்சியும் நிறைந்த பாத்திரத்தோடு பக்கத்து டிரெய்லர் ஹார்லன் உள்ளே வந்தார். "என்ன இன்ஜினியரம்மா, ஆபீசை சிங்க்குக்குக் கீழ மாத்திட்டீங்களா?"

"சும்மா இருப்பா. உறைஞ்ச குழாயை எம் பொண்ணு ஒத்தையா சரிபண்ணிட்டா. அப்படியே அவங்கப்பா கை." சட்டைகளை மறுபடி ஆணியில் மாட்டியபடி ஆர்டிஸ் மகளைப் பார்த்தாள். "தண்ணிதான் வந்துருச்சே. நீ நிம்மதியாக் கிளம்பு, கண்ணு."

மார்னி கிளம்பவில்லை. அம்மா தட்டில் போட்டுக் கொடுத்ததைச் சாப்பிடவும் இல்லை.