முட்டிக்கு வந்த பொத்தான்

தல்லாகுளத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த விருமாண்டிக்கு ஒரு கெட்ட வழக்கம். "முடியாது" என்று சொல்ல வாய் வராது. யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், "வச்சுட்டுப் போங்க, பாப்போம்" என்பார். 1983இல் ஜோசபின் டீச்சர் சிந்தசைசர் என்ற மின்சாரக் கீபோர்டைக் கொண்டுவந்தபோதும் அதையேதான் சொன்னார். அப்படி ஒரு கருவியை அதுவரை அவர் கண்ணால் கண்டதுகூட இல்லை.

டீச்சர் பள்ளிக்கூடம் போக மிச்ச நேரத்தில் மைக்கேல்ராஜின் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர். சிந்தசைசரில் ஒரு திருகு. அதைத் திருப்பி வைத்தால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஒலி நாயனம் போல வழுக்கிக்கொண்டு போகும். கேட்க அழகுதான். ஆனால் வேகமான இடத்திலும் வழுக்கினால் பாட்டு கூழாகிவிடும். வாசிக்கிற நேரத்தில் திருகைத் திருப்ப எந்தக் கை சும்மா இருக்கிறது, சொல்லுங்கள்?

"சனிக்கிழமை மேலூர்ல கச்சேரிண்ணே. அங்கயும் சொதப்புனா வேற ஆளப் பாத்துக்கிறேன்னு மைக்கேல்ராஜ் சொல்லிட்டாரு," என்றார் டீச்சர்.

வெளிநாட்டுச் சாமான் ஆயிற்றே. இருந்தாலும் விருமாண்டி பெட்டியைத் திறந்து, திருகின் இரண்டு முனைகளில் ஒயரைப் பற்றவைத்து, அதன் மறுகோடியில் ஒரு காலிங்பெல் பொத்தானை மாட்டினார். தரையில் கிடக்கும் அதைக் காலால் அமுக்கினால் வழுக்கல் நிற்கும். காலை எடுத்தால் மறுபடி வழுக்கும். கடையில் அமுக்கிப் பார்த்தார். அருமையாக வேலை செய்தது.

ஒத்திகையில் மானம் கப்பலேறியது. ஒலி வழுக்கும், நிற்கும், வழுக்கும், நிற்கும். விக்கல் எடுத்தவன் பாடுவது போலிருந்தது. மைக்கேல்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். விருமாண்டி குனிந்து டீச்சரின் காலைப் பார்த்தார். அது தன்பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தது.

"டீச்சர், காலு ஏன் சும்மா இருக்க மாட்டேங்குது?"

"ஐயோ, மிதிக்கிறேனா? பதினஞ்சு வருசமா சர்ச்சுல கால் ஆர்மோனியம் வாசிக்கிறேன்ணே. அதுக்குக் காத்து வேணும்னா மிதிச்சுக்கிட்டே இருக்கணும். கை வாசிச்சா கால் தானா மிதிச்சிரும்."

"அம்புட்டுத்தானா," என்றார் விருமாண்டி. பொத்தானைத் தரையிலிருந்து எடுத்து, சிந்தசைசர் ஸ்டாண்டின் கால் ஓரமாக, டீச்சரின் வலது முட்டி உயரத்துக்கு ஒரு பலகை வைத்து முடுக்கினார். பாதம் எம்புட்டு வேண்டுமானாலும் மிதிக்கட்டும். முட்டியை வலப்பக்கம் சாய்த்தால்தான் பொத்தான் அமுங்கும்.

மேலூரில் நல்ல கூட்டம். விருமாண்டி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். முதல் பாட்டு வழுக்கி வழுக்கி ஏறியது, வேகமான இடத்தில் மணி மணியாகத் தெறித்தது, முடிவில் மறுபடி குழைந்தது. பக்கத்திலிருந்தவர் எட்டி எட்டி மேடையில் நாயனக்காரரைத் தேடினார். கைதட்டல் ஓயவே நேரமாயிற்று. அடுத்த மாதம் டி. கல்லுப்பட்டியிலும் ஜோசபின் டீச்சர்தான் வாசிப்பார் என்று மைக்கேல்ராஜ் மைக்கிலேயே சொல்லிவிட்டார். விருமாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏண்ணே," என்றார் பக்கத்திலிருந்தவர், தொடையைத் தேய்த்துக்கொண்டே. "பாட்டு பூரா முட்டியால என்னைய இடிச்சுக்கிட்டே இருந்தீகளே, என்ன சங்கதி?"

விருமாண்டி குனிந்து பார்த்தார். அவருடைய வலது முட்டி இன்னும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது.

"கோவிச்சுக்காத மாப்ள," என்றார். "நானும்ல வாசிச்சேன்."