பாதியில் நின்ற வரி

இருட்டின பிறகு எங்கள் வீட்டுப் பின்சுவரை யாரோ நகத்தால் கீறுவதுபோல் ஒரு சத்தம் வருகிறது. காது கேளாதவர்களுக்கான தொழிலில் இருக்கும் எனக்குத்தான் அது துல்லியமாகக் கேட்டுத் தொலைக்கிறது.

தொழில் இதுதான். கைப்பேசியில் 'அனுப்பு' பொத்தானை அழுத்தும்வரை காத்திராமல், தட்டத் தட்ட ஒவ்வொரு எழுத்தும் எதிராளியின் திரையில் விழவேண்டும். அதற்கான பொது விதிகளை ஒரு குழுவாக எழுதுகிறோம். நான் மலேசியாவில் நீலாய் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து, மடியில் கைக்குழந்தையோடு. கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வேலை பார்க்கும் தாய்மாரே, மீதியை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யாரிடம் கேட்பது

அந்தச் சத்தம் முதலில் வந்தபோது, பரிசோதனைச் செயலியில் பக்கத்து வீட்டுக் கோமதி அக்காவுக்கு எழுதினேன். தனியாக இருக்கும் தையல்காரர். தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது காய்ச்சலில் காது போனது. எங்கள் விதிகளை முதலில் சோதித்துப் பார்ப்பவர் அவர்தான். "அக்கா, பின்னால ஏதோ சத்தம். உங்களுக்குக் கேக்குதா?" என்று தட்டி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பதில் எழுத்து எழுத்தாக வந்தது: "கேக்குதுலா, உன் மூளை நின்னுபோன சத்தம்."

அழித்த சொல்

இன்னொரு நாள் அக்காவையும் கோலா கிளாவாங்கில் இருக்கும் அவர் தம்பியையும் பேசவிட்டு, மூன்றாவது திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "தனியா இருக்க பயமா இருக்கு, வந்து கூட்டிட்டுப் போ" என்று தட்டிய அக்கா, அதை அழித்துவிட்டு "நல்லா இருக்கேன்" என்று எழுதினார். எல்லாம் தம்பியின் கண்முன்னேதான் நடந்தது. "சரிக்கா, இங்கயும் எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று தம்பி முடித்துக்கொண்டார்.

அழிப்பதை மறைத்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "வேணாம்லா. பாத்துட்டுத்தான் சும்மா இருக்கான்னு எனக்குத் தெரியணும்."

மிச்சம்

விதியில் தீராத கேள்வி ஒன்று இருந்தது. நடுவில் லைன் அறுந்தால், முடிக்காத வரியை எதிராளி திரையில் விட்டுவைப்பதா, துடைப்பதா? முடிவாகும்வரை விட்டுவைத்திருந்தோம்.

ஒருநாள் பொழுது சாய்ந்ததும் அக்காவிடமிருந்து "ஜன்னல் கண்ணாடிய யாரோ கழட்டு" என்று வந்து நின்றது. அதற்குமேல் லைன் இல்லை. குழந்தையோடு வெளியே போக எனக்குக் கால் வரவில்லை; எஸ்டேட் ஆட்களை மேய்க்கும் மண்டோருக்குப் போன் போட்டேன். டார்ச்லைட்டோடு ஆட்கள் ஓடினார்கள். அவர்கள் பின்னாலேயே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போனேன். வந்தவன் செம்பனை மரங்களுக்குள் மறைந்துவிட்டான். ஜன்னலிலிருந்து உருவிய கண்ணாடிப் பட்டைகள் புல்லில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன, அவசரமே இல்லாதவன் வேலை மாதிரி. அக்கா குளியலறையில் பூட்டிக்கொண்டிருந்தார். அங்கே லைன் எட்டாது. என் போனைக் காட்டினேன். படித்துவிட்டு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்: "முடிக்கலையேன்னு உள்ள செத்துக்கிட்டிருந்தேன். உனக்கு இவ்வளவே போதுமா இருந்துச்சா?"

வாக்கெடுப்பு

அடுத்த இணையக் கூட்டத்தில் இதைச் சொல்ல நினைத்தேன். அனுமதி கிடைக்காமல் வாய் திறக்காதே என்று கான்வென்டில் வளர்த்துவிட்டார்கள்; கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். என் முறை வருவதற்குள் பாதிப் பேர் வாக்களித்துவிட்டார்கள். இருந்தும் முழுவதும் சொன்னேன். பாதி வரி தப்பான அர்த்தம் தரும், துடைப்பதே நல்லது என்று முடிவானது. தலைவர் நல்ல மனிதர், அன்பாகத்தான் சொன்னார்: "ஒரு எஸ்டேட்டுல நடந்ததை வச்சு ஊருக்கெல்லாம் விதி எழுத முடியாதும்மா."

விஷயத்தை அக்காவுக்கு எழுதினேன். சற்று நேரத்தில் தலையணையோடு வாசலில் வந்து நின்றார். "உங்க குழு என்னமோ எழுதிக்கட்டும். நான் இங்கயே படுத்துக்கிறேன்."

குழந்தையை நடுவில் போட்டு, கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளை இழுத்துவிட்டோம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருவரும் திருத்தம் கேட்காமல் நிறைவேறிய ஒரே விதி, அக்கா இங்கே படுப்பதுதான்.